சம்பந்தியின் பேஸ் கிட்டாருக்கு ஒரு சோதனைச் சீட்டு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான், என் மனைவி, உங்கள் மகள், உங்கள் மாப்பிள்ளை, புதிதாக வந்து சேர்ந்த பூனை எல்லோரும் நலம். நீங்களும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். கடிதத்தை முடிக்கும்போதும் அப்படியே இருக்க வேண்டும் என்பதால், இரத்த அழுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு, முதுகுக்கு ஒரு தலையணை வைத்து உட்கார்ந்து படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் "பரவாயில்லைங்க" என்று சொல்லி வைத்துவிடுவீர்கள், நானும் "அப்ப சரிங்க" என்று வைத்துவிடுவேன். நாம் சம்பந்திகளாகி ஆறு வருடம் ஆகிறது. இந்த இரண்டு சொற்களைத் தவிர நாம் மனம்விட்டுப் பேசிக்கொண்டது எதுவும் எனக்கு நினைவில்லை.

நீங்கள் மூன்று வாரத்துக்கு முன் எழுதிய கடிதம் என் சட்டைப் பையில் இருக்கிறது. "பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில் என் பேஸ் கிட்டாரையும் கொண்டுவந்து அடைத்து வைத்திருப்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. அவள் அம்மா போன பிறகு ஒற்றை அறைக்கு மாறியபோது வேறு வழி தெரியவில்லை. இப்போது விரல்களும் முன்போல் வளைவதில்லை. பழைய கிட்டார்களைச் சேகரிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். வந்து சோதித்துப் பார்த்து எடுத்துக்கொள்வார். குட்டிக்கு அது அங்கே இருப்பதும் தெரியாது, போவதும் தெரியாது" என்று எழுதியிருந்தீர்கள். குட்டி என்று நீங்கள் சொல்வது உங்கள் மகளை, அதாவது என் மருமகளை. என்னைவிட அரை அடி உயரமான அந்தப் பெண்ணை நீங்கள் இன்னும் குட்டி என்று எழுதுவதைப் படித்துக் கொஞ்ச நேரம் சிரித்தேன். பிறகு காரியத்தில் இறங்கினேன். இறங்கியிருக்கக் கூடாது. சேகரிப்பாளர் போன சனிக்கிழமை வந்தார், ஒன்றேகால் மணி நேரம் இருந்தார், இரண்டு கோப்பைத் தேநீர் குடித்தார், ஒருமுறை கண் கலங்கினார், வெறுங்கையோடு திரும்பிப் போனார். உங்கள் கிட்டார் இங்கேயே இருக்கிறது. அதற்கு முழுப் பொறுப்பும் நான்தான்.

உங்களுக்குத் தெரியும், முப்பத்தாறு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவன் நான். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஆய்வாளர் வருகிறார் என்றால் அதற்கு முந்தின வாரம் முழுவதும் அந்த லிஃப்டைக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் குளிப்பாட்டுவோம். தேய்ந்த இரும்பு வடத்தை மாற்றுவோம், துருவேறிய திருகாணியைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போடுவோம், கதவின் ரப்பரைப் பிடுங்கி வேறு ஒட்டுவோம், கீழே குழிக்குள் இறங்கிக் கூட்டிப் பெருக்குவோம். ஆய்வாளர் வந்து தட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினால் நிம்மதி. பழையது என்றால் ஆபத்து, புதியது என்றால் பத்திரம் என்ற ஒரே நம்பிக்கையில் குடும்பம் நடத்தி, மகனைப் படிக்கவைத்து, உங்கள் மகளை மருமகளாகவும் கொண்டுவந்தேன். இந்த உலகத்தில் ஒரு பொருள் பழையதாக, துருவேறி, அழுக்கடைந்து இருப்பதற்காகவே ஒருவர் ஊர்விட்டு ஊர் வந்து எடுத்துக்கொண்டு போவார் என்பதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஆகவே அலமாரிக்கு மேலிருந்து பெட்டியை இறக்கி, என் மனைவி அதன்மேல் அடுக்கியிருந்த தலையணை உறைகளை எடுத்து வைத்துவிட்டுத் திறந்தேன். திறந்ததும் எனக்குத் தோன்றிய முதல் எண்ணம், இந்த லிஃப்டில் ஆளை ஏற்றக் கூடாது என்பதுதான். கோபித்துக்கொள்ளாதீர்கள். நான்கு கம்பிகளும் கறுத்து, தொட்டால் விரலில் ஒட்டின. பின்பக்கத்தில் கழுத்தையும் உடம்பையும் சேர்த்துப் பிடிக்கும் தகட்டில் நான்கு திருகாணிகள், நான்கிலும் துரு. கம்பிகள் போய் முடியும் இடத்தில் ஒரு வெள்ளிநிற மூடி இருக்கிறதே, அதைக் கழற்றினால் உள்ளே ஒரு பஞ்சுத் துண்டு, எலி கடித்த ரொட்டி மாதிரி உதிர்ந்துகொண்டிருந்தது. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, சம்பந்தி வீட்டுப் பொருளை இப்படியே குடுத்தா வர்றவர் நம்மளைப் பத்தி என்ன நினைப்பார்? நாமதான் பார்த்துக்கலைன்னு நினைக்க மாட்டாரா?" என்றாள். சொல்லிவிட்டு, என்னைக் கேட்காமல், பெட்டிக்குள் ஆறு பாச்சை உருண்டைகளைப் போட்டுவிட்டாள். கணக்கில் அதுவும் என் தலையில்தான் விழுந்தது.

இசைக்கருவிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் வயதைப் பார்த்துவிட்டுப் பேரனுக்கு வாங்க வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். "எந்த சைஸ் கம்பி சார்?" என்று கேட்டார். நான் சட்டைப் பையிலிருந்து வெர்னியர் அளவுகோலையும் ஒரு காகிதத்தையும் எடுத்து, குறித்து வைத்திருந்த விட்டங்களை மில்லிமீட்டரில் இரண்டு தசமம்வரை வாசித்தேன். அவர் கொஞ்சம் நிமிர்ந்து நின்றார். "எவ்வளவு பாரத்துல அறும்?" என்று கேட்டேன். "சார், இது வாசிக்கிறதுக்கு" என்றார். "வாசிக்கிறப்ப அறுந்தா?" என்றேன். "அறுந்தா நிறுத்திட்டு வேற மாட்டுவாங்க." "ஆளுக்கு ஒண்ணும் ஆகாதா?" "ஆளு நின்னுட்டுதான் இருப்பாரு சார், எங்க விழப்போறாரு?" அந்தப் பதில் எனக்குத் திருப்தி தரவில்லை என்றாலும், இருப்பதிலேயே தடிமனான, பளபளப்பான ஒரு செட்டை, அதாவது நான்கு கம்பிகளை வாங்கிக்கொண்டு, பக்கத்து இரும்புக் கடையில் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகள் நான்கும், அவை அதிர்வில் தளராமலிருக்க ஸ்பிரிங் வாஷர்கள் நான்கும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். மரத்தில் ஏறும் திருகாணிக்கு ஸ்பிரிங் வாஷர் வேண்டியதில்லை என்று புத்தகம் சொல்லும். புத்தகம் எழுதியவர் லிஃப்டில் ஏறியிருக்க மாட்டார்.

அடுத்து நான் செய்ததை விவரமாக எழுதிவிடுகிறேன், ஏனென்றால் சேகரிப்பாளர் உங்களிடம் சொல்லும்போது கூட்டிக் குறைத்துச் சொல்லக்கூடும். பழைய கம்பிகளை வெட்டாமல் கழற்றி, புதியவற்றை மாட்டினேன். லிஃப்டில் நான்கு வடம் இருந்தால் நான்கும் ஒரே இழுவையில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் விறைத்துக்கொண்டு நின்றால் பாரம் முழுவதையும் அதுவே சுமந்து, சீக்கிரம் தேய்ந்து, மற்ற மூன்றையும் கெடுக்கும். (கூட்டுக் குடும்பமும் அப்படித்தான் என்று என் மகனின் திருமணத்தின்போது அவனிடம் சொன்னேன். அவன் காதில் வாங்கவில்லை.) ஆகவே சமையலறையில் மாட்டியிருந்த வில் தராசை எடுத்துவந்து, ஒவ்வொரு கம்பியையும் நடுவில் கொக்கி போட்டு இழுத்து, நான்கும் ஒரே அளவு விறைப்பு வரும்வரை தலைப்பக்கத்துச் சாவிகளை முறுக்கினேன். முக்கால் மணி நேரம் பிடித்தது. முடித்ததும் என் மனைவி கட்டைவிரலால் ஒரு கம்பியைத் தட்டிவிட்டு, "இதுல பாட்டு வருமா?" என்று சந்தேகப்பட்டாள். "பாட்டு வருதோ இல்லையோ, அறுந்து விழாது" என்றேன். உதிர்ந்த பஞ்சை எடுத்துவிட்டு, லிஃப்ட் கதவு மூடும்போது அதிராமல் இருக்க ஒட்டுவோமே, அந்தக் கறுப்பு ரப்பரில் ஒரு துண்டு வெட்டி வைத்தேன். மேல்பக்கத்தில் முழங்கை உரசி உரசி வார்னிஷ் எல்லாம் போய் வெறும் மரம் தெரிகிற இடம் ஒன்று உண்டு. அதற்குப் பாலிஷ் போட உட்கார்ந்தேன், ஆனால் டப்பா காலியாகிப் போயிருந்தது. கடைசியாக, வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது மேசையில் மிஞ்சியிருந்த சோதனைச் சீட்டுகளில் ஒன்றை எடுத்து, "சோதிக்கப்பட்டது" என்ற இடத்தில் தேதியும் கையெழுத்தும் போட்டு, "கொள்ளளவு" என்ற இடத்தில் "ஒருவர்" என்று எழுதி, பின்பக்கத் தகட்டின்மேல் ஒட்டினேன். இதில் கேலி எதுவும் இல்லை. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டால் சீட்டு செல்லாது.

சேகரிப்பாளர் காலை பத்தரைக்கு வந்தார். கனத்த உடம்பு, கனத்த குரல், கைகளில் வெள்ளைக் கையுறை, கழுத்தில் ஒரு பூதக்கண்ணாடி. ஆய்வாளர் என்றால் இவர் அல்லவா ஆய்வாளர் என்று எனக்கு மரியாதையே வந்துவிட்டது. பெட்டியைத் திறப்பதற்கு முன் அதன் பூட்டைத் தடவினார். திறந்ததும் தலையை உள்ளே விட்டு முகர்ந்தார். பாச்சை உருண்டை நாற்றம் ஏறி மூன்று தும்மல் தும்மினார். தும்மி முடித்து நிமிர்ந்தவர் கம்பிகளைப் பார்த்தார். பூதக்கண்ணாடியை எடுத்து, ஒவ்வொரு கம்பியையும் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"யார் சார் இதைத் தொட்டது?"

"நான்தான். முப்பத்தாறு வருஷ அனுபவம்" என்றேன், பாராட்டை எதிர்பார்த்து.

"எதுல?"

"லிஃப்ட்ல."

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். என் மனைவி முதல் கோப்பைத் தேநீரைக் கொண்டுவந்தாள். குடித்துக்கொண்டே, உங்கள் கிட்டாரின் அந்தக் கம்பிகள் நாற்பது வருடமாக மாற்றப்படாதவை, அந்த அழுக்கில்தான் அந்தச் சத்தம் இருந்தது, அந்த மாதிரி சத்தத்தை இனி யாரும் செய்ய முடியாது என்று சொன்னார். பஞ்சு எங்கே என்று கேட்டார். குப்பை வண்டி எட்டு மணிக்கே போய்விட்டது என்றேன். "அது தொழிற்சாலையிலயே வெச்ச பஞ்சு சார்! உலகத்துல எத்தனை கிட்டார்ல அந்தப் பஞ்சு இன்னும் இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?" என்றார். தெரியாது என்றேன். தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று திருப்பிக் கேட்க நினைத்து, வீட்டுக்கு வந்தவர் என்பதால் அடக்கிக்கொண்டேன். பிறகு கிட்டாரைத் திருப்பினார். சோதனைச் சீட்டைப் பார்த்தார். "கொள்ளளவு ஒருவர்" என்பதை வாய்விட்டு வாசித்தார். அதைச் சுற்றிப் பளபளவென்று புதுத் திருகாணிகள் நான்கு, வாஷரோடு. அப்போதுதான் கண் கலங்கினார்.

"பழைய திருகாணியாவது இருக்கா?"

மூன்று எங்கே போயின என்று தெரியவில்லை, ஒன்றை மட்டும் குளியலறையில் துண்டு மாட்டும் கொக்கிக்குப் போட்டேன் என்றேன். அவர் உடனே எழுந்து குளியலறைக்குப் போனார். ஈரத் தரையில் முட்டி போட்டு, உங்கள் மாப்பிள்ளையின் துண்டை ஒதுக்கிவிட்டு, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "பாருங்க, இந்தத் தலையோட வளைவைப் பாருங்க. இப்ப யார் சார் இப்படிச் செய்யறாங்க?" என்று என்னையும் முட்டி போடச் சொன்னார். போட்டேன். என் மனைவி வாசலில் நின்று, இரண்டு பெரிய மனிதர்கள் குளியலறைத் தரையில் முட்டி போட்டு ஒரு கொக்கியைக் கும்பிடுவதைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் இரண்டாவது தேநீர் போடப் போனாள். செவ்வாய்க்கிழமையே தொலைபேசியில், எதையும் தொடாதீர்கள், தூசியைக்கூடத் துடைக்காதீர்கள் என்று என்னிடம் சொல்லியிருந்ததாகவும், நான் "ஆகட்டும், ஆகட்டும்" என்று சொன்னதாகவும் அவர் சொல்கிறார். சொல்லியிருக்கலாம். என் காது அப்படி. போகும்போது, அசல் உருப்படிகள் எங்கேயாவது அகப்பட்டால் கூப்பிடச் சொல்லித் தன் எண்ணை எழுதிக் கொடுத்தார். லிஃப்டில் ஏற மறுத்துவிட்டுப் படி வழியாகவே இறங்கினார்.

என் காதைப் பற்றிப் போன வாரம்வரை இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. உங்களிடம் சொல்வதற்கு இதுதான் சந்தர்ப்பம். மூன்று வருடமாகவே கூர்மையான சத்தங்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டு போகின்றன. முதலில் பறவைகள் போயின, பிறகு கடிகாரம், பிறகு உங்கள் மகளின் குரல். மெல்லிய குரல் அவளுக்கு. உதடு அசைவது தெரியும், சொல் வந்து சேராது. "என்னம்மா சொன்னே?" என்று மூன்றாம் முறை கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு தலையாட்டிவிடுவேன். அப்படித் தலையாட்டியதில்தான் பூனை வந்தது. அப்படித் தலையாட்டியதில்தான் காலையில் கைதட்டிச் சிரிக்கும் சங்கம் ஒன்றில் எனக்கு ஒரு வருட உறுப்பினர் அட்டை வந்தது. இவையெல்லாம் போகட்டும். ஒருநாள் அவள் என் எதிரில் உட்கார்ந்து ஏதோ சொன்னாள். நான் சிரித்த முகத்தோடு, "ரொம்ப சந்தோஷம்மா" என்றேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு அவள் அம்மா இறந்து ஒரு வருடம் நிறைந்த நாள் என்று என் மனைவி பிறகு சொன்னாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை. அதற்குப் பிறகு அவள் என்னிடம் அதிகம் பேசுவதில்லை. மாமனாருக்குப் பேச்சுப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

சேகரிப்பாளர் போன பிறகு மதியம், கிட்டாரைப் பெட்டியில் வைக்கலாம் என்று உள் அறைக்குப் போனேன். உங்கள் மகள் கட்டிலில் உட்கார்ந்து, கிட்டாரை மடியில் வைத்து, அதன் பின்பக்கத்து மரத்தில் காதை ஒட்டிக்கொண்டு, கட்டைவிரலால் தடித்த கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தாள். மின்சாரம் இல்லாமல் அந்தக் கருவியில் என்ன கேட்கும்? என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டு எழுந்தாள். ஏதோ சொன்னாள். வழக்கம்போல் தலையாட்டப் போனவன், அன்றைக்கு என்னவோ ஆட்டவில்லை. "எனக்கு உன் குரல் கேக்கலைம்மா. ரொம்ப நாளாவே கேக்கலை" என்றேன். அவள் கிட்டாரைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். பிறகு என்னை உட்காரவைத்து, என் காதை அந்த மரத்தில் சாய்த்து, கம்பியைத் தட்டினாள். சம்பந்தி, எனக்குக் கேட்டது. காதில் கேட்டதா, தாடை எலும்பில் கேட்டதா, சொல்லத் தெரியவில்லை. பழைய கட்டிடங்களில் மோட்டார் அறைச் சுவரில் கை வைத்தால் ஒரு முழக்கம் வருமே, அது வந்தது. தெளிவாக, முழுதாக, ஒன்றும் குறையாமல் வந்தது.

அவளுக்கு அப்போது ஒரு யோசனை தோன்றியிருக்க வேண்டும். தன் குரலைத் தணித்து, தணித்து, கிட்டத்தட்ட உங்கள் கம்பியின் சுருதிக்கு இறக்கி, "இப்போ கேக்குதா மாமா?" என்றாள். கேட்டது. அந்தக் குரலிலேயே அவள் சொன்னவற்றை இங்கே எழுதுகிறேன். நீங்கள் பகலெல்லாம் அச்சகத்தில் நின்றுவிட்டு, மாலையில் கச்சேரிக்கு முன் ஒத்திகை பார்ப்பீர்களாம். பக்கத்து வீட்டாருக்குத் தொந்தரவு வேண்டாம் என்று மின்சாரம் போடாமலே வாசிப்பீர்களாம். அவள் ஓடிவந்து உங்கள் வயிற்றுக்கும் கிட்டாருக்கும் நடுவில் புகுந்து, மரத்தில் காதை வைத்துக்கொள்வாளாம். "ஊர்ல வேற யாருக்கும் கேக்காது மாமா. எனக்கு மட்டும் கேக்கும். நான் அப்படியே தூங்கிடுவேன்" என்றாள். வார்னிஷ் போன இடத்தைக் காட்டி, "இது அழுக்கில்லை மாமா. இது எங்க அப்பா கை" என்றாள். அப்படியானால் விற்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லேன் என்றேன். "நான் வேணாம்னா எனக்காக வெச்சுப்பார். அவருக்கு அதைப் பார்த்தா அம்மா ஞாபகம் வருதோ என்னவோ. அவருக்குப் பாரமா இருக்கறதை நான் எப்படி வெச்சுக்கச் சொல்றது?" என்றாள்.

இதைக் கேட்டுவிட்டு உங்கள் கடிதத்தை இன்னொரு முறை எடுத்துப் படித்தேன். அவளுக்குத் தெரியாது என்று நீங்கள் எழுதுகிறீர்கள். உங்களுக்குப் பாரம் என்று அவள் சொல்கிறாள். ஒருவருக்கொருவர் இவ்வளவு மரியாதை காட்டினால் வீட்டில் எந்தப் பொருள்தான் மிஞ்சும்? காது கேட்காத நான் ஒருவன் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் கேட்க வேண்டியிருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைகளின் திருமண வரவேற்பில் நீங்கள் உங்கள் குழுவோடு ஒரு பாட்டுக்கு வாசித்தீர்கள். "சம்பந்தி வாசிச்சது எப்படி?" என்று என் மனைவி கேட்டாள். எனக்குப் பாடகர் குரல் கேட்டது, வயலின் கேட்டது, உங்கள் கிட்டார் கேட்கவே இல்லை. மரியாதைக்கு "பிரமாதம்" என்றேன். ஆனால் நடுவில் நீங்கள் நெற்றி வியர்வையைத் துடைக்க ஒரு கணம் கையை எடுத்தீர்கள். அப்போது பாட்டு முழுவதும் காலூன்ற இடமில்லாமல் தடுமாறியதை என் உள்ளங்காலில் உணர்ந்தேன். அதுவரை உங்களைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. நம் இரண்டு பேர் வேலையும் ஒன்றுதான். முப்பத்தாறு வருடத்தில் ஒருவரும் என்னிடம் வந்து, "இன்னைக்கு லிஃப்ட் நல்லா ஓடுச்சு" என்று சொன்னதில்லை. நின்றால் மட்டும் தேடி வருவார்கள். அதற்காக நாம் ஓடாமல் இருந்தோமா? உங்களை நான் கேட்டேன் என்று ஆறு வருடம் கழித்துச் சொல்கிறேன், தாமதத்தை மன்னியுங்கள்.

ஆகவே, என் அறியாமையால் உங்களுக்கு வரவேண்டிய பெரிய தொகையும், நாற்பது வருடத்துப் பெருமையும் ஒரே வாரத்தில் பாழாயின. லிஃப்டைத் தவிர வேறெதுவும் தெரியாத ஒரு கிழவன், காதும் சரியில்லாதவன், நல்லெண்ணத்தில் செய்த பிழை என்று கருதிப் பொறுத்தருள வேண்டும். நீங்கள் என்ன தண்டனை சொன்னாலும் ஏற்கிறேன்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மகள் நன்றாகச் சாப்பிடுகிறாள். இப்போது என்னிடம் அந்தத் தடித்த குரலில்தான் பேசுகிறாள். "அவ ஏன் உங்களை இப்படி மிரட்டுறா?" என்று என் மனைவி கவலைப்படுகிறாள். மாப்பிள்ளை தன் வணக்கத்தைச் சொல்லச் சொன்னான். என் மனைவியும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள். உங்களுக்கு நீண்ட ஆயுளும், வளைகிற விரல்களும் வாய்க்க வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்புள்ள
சம்பந்தி

பின்குறிப்பு: உறையில் போட்டு ஒட்டப் போனேன், கை வரவில்லை. முப்பத்தாறு வருடப் பராமரிப்புப் பதிவேட்டில் ஒரு பொய் எழுதியவன் அல்ல நான். மேலே எழுதியதில் நாட்களின் வரிசை மட்டும் கொஞ்சம் மாறிவிட்டது. சேகரிப்பாளர் செவ்வாய்க்கிழமை தொலைபேசியில் பேசினார். கனத்த குரல் என்று சொன்னேன் அல்லவா, ஒரு எழுத்து விடாமல் கேட்டது. எதையெல்லாம் தொடக் கூடாது என்று அவர் நிறுத்தி நிதானமாகச் சொன்னதை ஒரு காகிதத்தில் எழுதியும் வைத்தேன். உங்கள் மகள் மரத்தில் காதை வைத்திருந்ததை நான் பார்த்தது சனிக்கிழமை அல்ல, புதன்கிழமை. கடைக்குப் போனது வியாழக்கிழமை. திருகாணி, பஞ்சு, சீட்டு எல்லாம் வெள்ளிக்கிழமை, அந்தக் காகிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் சொன்ன வரிசையிலேயே செய்தேன். பாலிஷ் டப்பா நிறைய இருக்கிறது. குளியலறைக் கொக்கியில் இருப்பது ஒரு பழைய லிஃப்டின் பொத்தான் பலகையிலிருந்து கழற்றிய திருகாணி. அவர் அவ்வளவு ரசித்த பிறகு அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கம்பிகளைச் சம இழுவையில் வைத்தது மட்டும் உண்மையான அறியாமை, அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்று இப்போதும் நினைக்கிறேன். கழற்றிய கம்பிகள் நான்கும், திருகாணிகள் நான்கும், ஒரு பொடிகூடச் சிந்தாத பஞ்சும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. இது உங்கள் மகளுக்குத் தெரியாது. கூரியரில் அனுப்ப மாட்டேன். நீங்களே வந்து, அவள் காதை வைத்துக்கொண்டிருக்கும்போது, விரல் வளைகிற அளவுக்கு ஒருமுறை வாசியுங்கள். அதற்குப் பிறகும் விற்கத்தான் வேண்டும் என்று அவள் முகத்தைப் பார்த்து நீங்கள் சொல்லிவிட்டால், அன்றைக்கே எல்லாவற்றையும் பழையபடி பூட்டி, சேகரிப்பாளரை நானே கூப்பிடுகிறேன்.